இது வேற வேட்டைக்காரன்

“அணில் எங்க ஒளிஞ்சிருக்குன்னு மைனாவுக்கு மட்டுந்தான் தெரியும்” என்று மகளின் தலையை வருடியபடி சொன்னார் ஆண்டிச்சாமி. “மூணு நாளா விடாம மழை. பாவம், அணிலுக்குத் திங்க ஒண்ணுமில்ல.”

பாயில் படுத்திருந்த ஆறு வயது மாடத்தி கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத யுத்த காலம். விளக்கைச் சுருக்கி வைத்திருந்தார்கள். யாராவது பார்த்திருந்தால், மகள்மேல் இவ்வளவு பாசமா என்று கண் வைத்திருப்பார்கள்.

பாசம் இல்லாமலில்லை. ஆனால் அன்றைக்குக் கதை சொன்னவர் அப்பா ஆண்டிச்சாமி அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ்காரர் ஆண்டிச்சாமி.

அடுத்த வீட்டு ஏசுவடியான் வாத்தியார் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிருஷ்ணன்கோவில் பக்கம் தந்திக் கம்பியை அறுத்துவிட்டுத் தலைமறைவாகிப் பத்து நாளாகிவிட்டது. “பக்கத்து வீட்டுக்காரனப் பிடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு போலீசா? நாளைக்குள்ள ஆளு வரலன்னா பெல்ட்டக் கழட்டி வச்சுட்டு மாடு மேய்க்கப் போ” என்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் இன்ஸ்பெக்டர் கத்தியிருந்தார். அந்தச் சம்பளத்தை விட்டால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

வாத்தியாரின் மகள் ஏசம்மாளும் மாடத்தியும் நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் சொட்டாங்கல் ஆட்டத்தில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்தான். அவர்களைச் சேர்த்து வைத்ததே ஆண்டிச்சாமி சொன்ன அணில் மைனா கதை. அதில் மைனா வேட்டைக்காரனை ஏய்த்து அணிலைக் காப்பாற்றிவிடும். “சேக்காளின்னா அப்படி இருக்கணும்” என்று முடித்திருந்தார்.

இப்போது இரண்டும் குசுகுசுவென்று பேசுகின்றன, அவரைக் கண்டால் வாயை மூடிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு ஏதோ தெரியும் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“கதை சொன்னது போதும், தூங்க வைங்க. ஒரு நாளாச்சும் ஒழுங்கா உக்காந்து திங்கிறாளா இவ?” என்று அடுப்படியிலிருந்து மனைவி சண்முகத்தாய் குரல் கொடுத்தாள். “கஞ்சியும் கருவாடும் குடுத்தா, கும்பாவோட தொழுவத்துக்கு ஓடிருதா. கன்னுக்குட்டியும் இவளும் பங்கு போட்டுத்தான் திங்கணுமாம். இன்னைக்கும் அதே கூத்துதான்.”

நல்ல சமயத்தில் குறுக்கே வருகிறாளே என்று ஆண்டிச்சாமிக்கு எரிச்சல் வந்தது. காதில் விழாதவர் போலக் கதையைத் தொடர்ந்தார்.

“அப்ப ஒரு வேட்டைக்காரன் வந்தான். அணிலு எங்கன்னு சொல்லு, பழம் கொண்டுபோய்க் குடுக்கேன்னான். மைனா சொல்லிருச்சு.”

மாடத்தி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “மைனா சொல்லவே சொல்லாது! அன்னைக்கு வேற மாதிரில்ல சொன்னீக?”

“அது கெட்ட வேட்டைக்காரன். இது வேற வேட்டைக்காரன் தாயி. நல்லவன்.”

சொல்லும்போதே நாக்குக் கூசியது. பெற்ற பிள்ளையிடமே வேவு பார்க்கும் பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

“ஏசம்மா அய்யாவும் இந்த மழையில பட்டினியாத்தான் கெடப்பாக. எங்கன்னு தெரிஞ்சா நான் சோறு கொண்டுபோவேன்.”

மாடத்தி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். “வாத்தியாரு மாமாவ அடிக்க மாட்டீகள்ல?”

“மாட்டேன்.”

“சத்தியமா?”

மகளின் உச்சந்தலையில் கையை வைத்து ஆண்டிச்சாமி சத்தியம் செய்தார்.

மாடத்தி அவர் காதோரம் வாயை வைத்தாள். “செண்பகத்தோப்புல. ஓடைக்கு அங்கிட்டு ஒரு பெரிய பாறை இருக்குல்ல, அதுக்குக் கீழ.”

விடிவதற்குள் ஸ்டேஷனிலிருந்த அத்தனை போலீசும் லாரியேறிச் செண்பகத்தோப்பில் போய் இறங்கியது. ஓடை இருந்தது, பாறை இருந்தது, ஆளைக் காணோம். அட்டைக்கடியோடு பகல் முழுக்க மலையடிவாரத்தைச் சுற்றியதுதான் மிச்சம்.

பொழுது சாய்கிற நேரத்தில் இடுப்பில் பெல்ட் இல்லாமல் வீடு திரும்பினார் ஆண்டிச்சாமி. அடுத்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஊரில் ஒரு போலீசும் இல்லாத பகலில் வாத்தியார் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். வாசற்படியில் மாடத்தி தன்னந்தனியாகச் சொட்டாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஏட்டி, எங்கிட்டயே பொய் சொன்னியா?” என்று கையை ஓங்கினார். நேற்றுச் சத்தியம் செய்த கை அது. தானாகவே கீழே இறங்கியது.

“மைனாவும் பொய்தானப்பா சொல்லுச்சு. சேக்காளின்னா அப்படி இருக்கணும்னு நீங்கதான சொன்னீக?”

ஆண்டிச்சாமி படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பத்து நாளா ஊரையே சல்லடை போட்டுச் சலிச்சோமே” என்றார் ஓய்ந்துபோன குரலில். “வேலையும் போச்சு. இனிமேயாச்சும் சொல்லுட்டி. அம்புட்டு நாளும் வாத்தியாரு எங்கதான் இருந்தாரு?”

மாடத்தி சொட்டாங்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்ப்பா, கன்னுக்குட்டி எங்கயாச்சும் கருவாடு திங்குமா?”