வலது முட்டி

மலையடிவாரத்துக் காட்டில் செவலை என்றொரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தாள். மழை தொடங்கியதிலிருந்து அவளுடைய முன்னங்கால் முட்டிகள் இரண்டும் வீங்கி, ஓடைக்கு இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

குரங்கு ஒரு கொடியை அரைத்துக்கொண்டு வந்தது. "முட்டிவலிக்கு இதுதான் மருந்து அக்கா. காட்டில பாதிப் பேர் நொண்டுறாங்க. உனக்குக் குணமானா எல்லாருக்கும் கொடுத்துடலாம்."

"அப்படின்னா இடது முட்டிக்கு மட்டும் போடு" என்றாள் செவலை.

"வலதும் வலிக்குதே?"

"வலிக்கட்டும். ரெண்டுக்கும் போட்டா, மருந்தால ஆறுச்சா, தானா ஆறுச்சான்னு எப்படித் தெரியும்?"

ஒரு மாதம் இடது முட்டியில் பற்றுப் போட்டார்கள். வலது முட்டி குத்தும்போதெல்லாம் செவலை பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே பச்சிலை இருந்தும் தொடவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. ஒருநாள் காலை அவள் எங்கும் நிற்காமல் ஓடைவரை நடந்துவிட்டாள்.

குரங்கு துள்ளியது. "பலிச்சிருச்சு! போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்!"

"நில்லு. வலது முட்டியைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தது. அதிலும் வீக்கம் அதே அளவுக்கு வடிந்திருந்தது.

"இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணா அக்கா?"

செவலை ஓடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தக் கொடி மருந்து இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த மழைக்குள்ள வேற கொடியைத் தேடு. முட்டி ரெண்டும் இங்கதான் இருக்கும்."