துரைக்கு வந்த பவுடர்

"பூனைக்குச் சோறு போடறோம், சரி. அது வயித்துக்குள்ள இருக்கிற கிருமிக்குமா சோறு போடணும்?"

மாமனார் கேட்டார். மருமகள் துரையின் கிண்ணத்தில் பவுடரைப் போட்டுக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

"அது நல்ல கிருமி மாமா. இதைச் சாப்பிட்டு அது வளர்ந்தாதான் துரைக்கு வயிறு சரியாகும்னு டாக்டர் சொன்னார். ப்ரீபயாட்டிக்னு பேரு."

"ப்ரீன்னா சும்மாதானே குடுக்கணும்? எதுக்குக் காசு வாங்கினார்?"

துரை என்ற பெயரே அவர் வைத்ததுதான். வந்த அன்றே அது சோபாவில் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்து, "துரைக்கு காபி வேணுமா?" என்று குத்தலாகக் கேட்டார். அதுவே ஒட்டிக்கொண்டது.

துரைக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. அது வெளிக்குப் போகும் மணல் தட்டு இருந்த பால்கனிப் பக்கம் யாராலும் போக முடியவில்லை. மாமனார் பேப்பர் படிக்கும் இடமும் அதுதான்.

"அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறதுக்குள்ள இந்த நாத்தம் நிக்கணும். இல்ல, துரை இங்க இருக்கட்டும், நான் கிளம்பறேன்."

கணவன் அன்றே ஆபீஸில், பூனை வளர்க்க யாருக்காவது ஆசை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அவளுக்கு அந்தப் பவுடர்தான் கடைசி நம்பிக்கை. ஆனால் டப்பா என்னவோ கிடுகிடுவென்று காலியானது.

ஒரு நாள் விடியற்காலையில் அடுக்களையில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தாள். மாமனார் டப்பாவும் ஸ்பூனுமாக நின்றார். மீசையெல்லாம் பவுடர்.

"மாமா! என்ன பண்றீங்க?"

அவர் அவசரமாக விழுங்கினார். புரை ஏறியது.

"அது வந்து... எனக்குக் காலைல சரியா போகலைம்மா. அதான்..."

சத்தம் கேட்டு வந்த கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, அப்போ இனிமே மணல் தட்டு ரெண்டா வைக்கணுமா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்குத் துரையை வீட்டைவிட்டுத் துரத்தணும். ஆனா அதோட மருந்து மட்டும் இனிக்குதாக்கும்! டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்றிலிருந்து துரை சாப்பிட உட்கார்ந்தால், மாமனாரும் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது கடைசி வாய் சாப்பிட்டு முடிக்கும்வரை கண் கொட்டாமல் பார்த்தார். இந்த வயசில் பூனையோடு பொறாமை என்று அவள் உதட்டைச் சுழித்தாள்.

நாற்றமும் ஒருவழியாக நின்றது.

டாக்டர் துரையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிரமாதம். பவுடரை அப்படியே தொடருங்க" என்றார்.

"நீங்க வேற டாக்டர். பாதியை எங்க மாமனார் தின்னு தீர்த்துட்டார். ஆயுசு முழுக்க கேன்டீன்ல சமைச்சவர். எதுவா இருந்தாலும் முதல் ஸ்பூன் அவர் வாய்க்குப் போயாகணும்."

டாக்டர் சிரித்தார். "அவரா? பவுடர் வாங்கின அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினாரே!"

"போனா? எதுக்கு?"

"நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி தினம் ஒரு ஸ்பூன் அவர் சாப்பிட்டுப் பாக்கலாமான்னு கேட்டார். எதுக்குய்யான்னேன். 'துரைக்கு வயித்தை வலிச்சா வாய் திறந்து சொல்லத் தெரியாது டாக்டர். எனக்கு வலிச்சா ஊரையே கூட்டிடுவேன்'னார்."