கடைசிப் படியில் கேட்டது

சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு பேருக்குச் சமைத்துப்போடும் சவேரியானுக்குத் துறைமுகத்தில் அரை நாள் விடுப்பு கிடைத்தது. அவனோடு தமிழ் பேச ஆளில்லாமல் எட்டு மாதம் ஓடியிருந்தது. தனக்கு மட்டுமாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, பழைய கிரேக்க நகரம் ஒன்றைப் பார்க்கப் போனான்.

அங்கிருந்த கல் அரங்கின் நடுவில் நின்று முணுமுணுத்தாலும் கடைசிப் படிவரை கேட்குமாம். வழக்கமாக வழிகாட்டி தெஸ்பினா கீழே நின்று பேசுவாள். வந்தவர்கள் மேலே ஏறிக் கேட்பார்கள்.

"நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

"அப்போ ஏறுறது நானா? என் முழங்காலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று அலுத்துக்கொண்டே அவள் ஏறினாள்.

வேறு யாருமில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் தாழ்ந்த குரலில், "சாப்டியா?" என்றான்.

காதில் விழுந்ததைக் காட்ட, பொருள் தெரியாமலேயே அவள் உச்சியிலிருந்து உரக்கத் திருப்பிச் சொன்னாள். "சாப்டியா?"

சவேரியான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இனிமேத்தான்" என்றான்.

மேலிருந்து அதுவும் திரும்பி வந்தது.