ஃபென்விக்கின் கடிகாரம்

"கார்பன் காப்பி யார் கையில இருந்தது? அதை மட்டும் சொல்லு மேபல்."

எழுத்தாளர் ஃபென்விக்கின் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. எதிரே டைப்ரைட்டர் மேஜையில் மேபல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கதவோரம் சேற்றுப் பூட்ஸோடு நின்றான் தோட்டக்காரன் அமோஸ். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கிழவர்தான் கூப்பிட்டிருந்தார்.

"என்கிட்டதான் சார் இருந்தது" என்றாள் மேபல்.

"அப்போ இது என்ன?"

சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று மேஜையில் விழுந்தது. யாரோ ரோஸலிண்ட் தேன் என்பவள் எழுதிய காதல் கதை. நேற்று சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அவர் வாங்கி வந்தது.

"பெர்ட், நீயே கேளு."

பெர்ட் அமோஸுக்கு முன் இருந்த தோட்டக்காரன். அவன் செத்து ஏழெட்டு வருஷமாகிறது. அமோஸ் திருத்தவில்லை. புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வேலைக்காரன் பேர் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

"புருஷனுக்குத் தெரியாம ஒருத்தி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிறா. என் புதுக் கொலைக் கதையே அதுதான். நான் சொல்லச் சொல்ல இவ டைப் அடிச்சு போன வாரம்தான் முடிச்சோம். அதுக்குள்ள இந்த ரோஸலிண்ட் நோயாளிப் பொண்டாட்டி, அழுகைன்னு என் கடிகாரத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா! அச்சாகி ஒரு மாசம்கூட ஆகலை."

"டைப் அடிக்கும்போதே அனுப்பியிருப்பா ஐயா" என்றான் அமோஸ். "நான் அப்பவே நினைச்சேன்."

அவன் எதையும் அப்பவே நினைக்கிறவன். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், பாதிரியார் உண்டியலில் கை வைக்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு முடிந்துபோன விஷயம். இந்தக் கிழவரையும் அவன் முழுசாக நம்பியதில்லை. கொலைக் கதை எழுத ஒரு பேர், துப்பாக்கிக் குதிரைக்காரன் கதைக்கு ஒரு பேர், பேய்க் கதைக்கு ஒரு பேர். யோக்கியனுக்கு எதற்கு இத்தனை பேர்?

"இந்த வயசுல ஒரு புதுக் கதை சிக்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மேபல்? என்கிட்ட மிச்சமிருந்த சரக்கே அது ஒண்ணுதான்." ஃபென்விக் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா எழுதித் தொலைச்சிருக்கா. அதுதான் வயிறு எரியுது. என் பைப் எங்கே?"

"வாயில சார்."

"ஓ." அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். "கதையை அவளுக்கு நீயா கொடுத்தே?"

மேபல் டைப்ரைட்டருக்கு உறை போட்டாள். மெதுவாக அதன் ஓரங்களை இழுத்துவிட்டாள்.

"ஆமா சார். நான்தான் கொடுத்தேன்."

"முப்பது வருஷம்! வெளியே போ. இந்தத் தெருவுல எவன் வீட்டிலயும் உனக்கு வேலை கிடைக்காது. நான் பாத்துக்கறேன். பெர்ட், இவ பெட்டியைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்திவிடு. போற வழியில எதையாவது சுருட்டிக்கப் போறா."

மழை தூறிக்கொண்டிருந்தது. அமோஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெட்டி கனமே இல்லை. அது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"உன்னைப் போயி சாதுன்னாங்களே ஊர்ல" என்றான் பஸ் நிறுத்தத்தில். "வாயைத் திறக்காதவங்களை நான் நம்புறதே இல்லை."

"வாயைத் திறக்கிறவங்களை மட்டும் நம்பிடுவியா?"

"அதுவும் இல்லைதான்."

மேபலுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. முகத்தில் வழிந்தது மழையா வேறு ஏதாவதா என்று அவன் உற்றுப் பார்த்தான்.

"எவ்வளவுக்கு வித்தே?"

"விக்கலை அமோஸ். அது பழைய புத்தகம். இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்தது. புது அட்டை போட்டு மறுபடியும் அடிச்சிருக்காங்க."

அமோஸ் பெட்டியைக் கீழே வைத்தான். அவன் மூளை மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஓடினால் நேரே கெட்டதில் போய்த்தான் நிற்கும்.

"அடப்பாவி! அப்படின்னா கிழவர்தான் அவகிட்டேர்ந்து திருடியிருக்காரு! இதை அங்கயே சொல்றதுக்கென்ன? எதுக்குத் திருடிப் பட்டம் வாங்கிக்கிட்டு வந்தே?"

"என்கிட்ட ஏமாந்தோம்னு நினைச்சா கோபம் வரும். கோபம் வந்தா அடுத்த கதை எழுதுவார். உண்மை தெரிஞ்சா அன்னிக்கோட முடிஞ்சுது. அப்புறம் அந்த நாற்காலியில சும்மா உக்காந்திருப்பார், அவ்வளவுதான்."

"திருடினவருக்கு இவ்வளவு பரிவா?"

வளைவில் பஸ் தெரிந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"சாரோட வீட்டம்மா கடைசியாப் படுத்திருந்த குளிர்காலத்துல நான் டைப் அடிச்ச கதை அது. புருஷன் ராத்திரி முழுக்கக் கண் முழிக்கக் கூடாதுன்னு கடிகாரத்தைத் தள்ளி வச்சது அந்தம்மாதான்."

"எல்லாம் சரி, அந்த ரோஸலிண்டை நீ நேர்ல பாத்திருக்கியா?"

மேபல் படியில் ஏறித் திரும்பினாள்.

"தினமும்தான். இந்நேரம் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து, வாயில இருக்கிற பைப்பைத் தேடிக்கிட்டு இருப்பார். போய் எடுத்துக் கொடு அமோஸ்."