தொட்டியில் தண்ணீர்

மாட்டுக்கொட்டகையை வீடாக்க அனுமதி வேண்டுமென்றால், அதில் மாடு கட்டுவதை நிறுத்தி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. மாடுகளையெல்லாம் கசாப்புக்கு விற்ற பிறகும் அவள் கணவர் விடிந்ததும் போய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் வருவார். அவ்வளவு பழகிய கை. நிரம்பிய தொட்டியைப் பார்த்தே, மாடு இன்னும் இருக்கிறதென்று அவள் போட்ட இரண்டு மனுக்களையும் அதிகாரி தள்ளினார். அப்புறம் கணவர் போய்ச் சேர்ந்தார். அவள் குழாயை வெட்டிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினாள். மகன் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் முழுதாக ஒரு வருடம் படுத்துக் கிடந்துவிட்டு மூன்றாவது மனுவைப் போட்டாள்.

அதே அதிகாரிதான் வந்தார். பூட்டை அவளே திறந்துவிட்டாள்.

"என்னம்மா, என்னை இளிச்சவாயன்னு நினைச்சீங்களா? தொட்டி தளும்புதே!"

"குழாயே இல்ல சார். சாவியும் என் இடுப்பவிட்டு இறங்கினதில்ல."

"அப்போ யாரு ரொப்புறா? மேல போன உங்க வீட்டுக்காரரா?"

சிரித்துக்கொண்டே 'மாடுகள் உள்ளன' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவள் தொட்டியருகே நின்றாள்.

"உயிரோட இருந்தப்பதான் என் பேச்சு காதுல ஏறல. இப்பவாவது என்னை ஒரு வீட்டுல இருக்க விடக்கூடாதா?"

தொட்டியில் தண்ணீர் மட்டம், மாடு குடிப்பதுபோல, மடக்கு மடக்காக இறங்கிக்கொண்டிருந்தது.