வெயில் தாங்கும் அறை

நாலு மணி வெயில் சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. முன்னால் அடுப்பு, பின்னால் சுவர் என்று இரு பக்கமும் வெந்தபடி கட்டடக்கலைஞரின் மனைவி தேநீர் வடிகட்டுகிறாள். ஹாலோ குளுகுளுவென்று இருக்கிறது. புது வீடு கட்டப்போகும் தம்பதி அங்கே உட்கார்ந்து, ஏசி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். "ஏசியே கிடையாதுங்க," என்கிறான் அவள் கணவன். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் இப்படி மலர்ந்ததில்லை. "அந்தக் காலத்து மண்சுவர், இந்தக் காலத்து சோலார். மேற்கு வெயில் மொத்தத்தையும் அந்த ரூம் வாங்கிக்கும். இங்க ஒரு பொட்டு சூடு வராது." "அந்த ரூம்ல யாரு இருப்பாங்க?" என்று வந்தவர் கேட்கிறார். "யாருமில்லைங்க, கிச்சன்தான்." அவள் வடிகட்டியை வைத்துவிட்டு ஹால் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். பெண்டாட்டி சொல்லி அசையாதவன், வாடிக்கையாளர் முகம் சுளித்தால் வீட்டையே திருப்பி வைப்பான். அந்த நம்பிக்கையில், கூடமாட உதவ ஹாலிலிருந்து எழுந்து வந்த, வாடிக்கையாளரின் மனைவியை அவள் வாசலோடு நிறுத்தாமல் அடுப்படி வரைக்கும் கூட்டிவருகிறாள். வந்தவளின் மேலுதட்டில் வேர்வை முளைக்கிறது, மூக்குக் கண்ணாடி வழுக்குகிறது. "இதுல எப்படிக்கா நிக்கிறீங்க?" "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா காதுல ஏறாது." வந்தவள் தலையாட்டிவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்குத் திரும்புகிறாள். குளிர்ந்த சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு நீண்ட மூச்சு விடுகிறாள். "கிச்சன் எங்களுக்கும் அந்தப் பக்கமே இருக்கட்டும் சார். எங்க வீட்ல சமைக்க ஆள் வெச்சிருக்கோம்."