முப்பது பாகை மரியாதை

தில்லைநாதன் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று மறுபடியும் இடுப்பை வளைத்தார்.

"என்னப்பா, திரும்பவும் நாரிப்பிடிப்போ?" மனைவி யோகாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. முப்பது பாகை குனிய வேணுமாம். சம்பந்தியா வரப்போறவருக்கு அதில குறைஞ்சால் மரியாதை இல்லை."

மகள் யதுர்ஷா விரும்பிய கென்ஜியின் தகப்பன் மொரிதா, கலியாணம் பேச அன்று நோர்வேயில், ஸ்டோவ்னரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. யப்பானியரிடம் வெளியார் விடும் பிழைகளைப் பற்றி யூடியூப்பில் இருந்ததையெல்லாம் தில்லைநாதன் மூன்று கிழமையாகப் பார்த்து முடித்திருந்தார். யோகாம்பாள் ஆசையாக வாங்கிய நண்டைக்கூட, கையால் உடைத்துச் சாப்பிட வேண்டிவரும் என்று ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்.

மொரிதா பழைய ஜீன்ஸோடு வந்தார். வாசலிலேயே சிரித்துக்கொண்டு, கட்டிப்பிடிக்க இரண்டு கைகளையும் விரித்தார்.

தில்லைநாதன் முப்பது பாகை குனிந்தார். விரிந்த கைகள் மெல்ல இறங்கின. மொரிதாவும் குனிந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கொண்டுவந்த பரிசை இரு கைகளாலும் வாங்கி, பிரிக்காமல் வைத்தார் தில்லைநாதன். குளியலறை வாசலில் தனிச் செருப்பு இருந்தது. நாலு அவர்களுக்குச் சாவின் எண் என்பதால் தட்டில் ஐந்து வடைகள் இருந்தன. விருந்தாளி தானே ஊற்றிக்கொள்ள நேராதபடி கிளாஸ் நிரம்பிக்கொண்டே இருந்தது.

"இங்கே கையால் சாப்பிடலாம் என்று கென்ஜி சொன்னானே?" மொரிதா நோர்வே மொழியில் ஆவலோடு கேட்டார்.

"சேச்சே, உங்களுக்கு ஏன் அந்தக் கரைச்சல்?" தில்லைநாதன் சாப்பாட்டுக் குச்சிகளை இரு கைகளாலும் நீட்டினார்.

மொரிதா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணித்தியாலத்தில் எழும்பி, மூன்று தரம் குனிந்துவிட்டுப் போனார். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தில்லைநாதன் மகளிடம் திரும்பினார். "எங்கையோ பிழை விட்டிட்டன். கென்ஜியிட்டைக் கேள், பிள்ளை."

யதுர்ஷா போனோடு அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது முகம் வாடியிருந்தது.

"இந்தச் சம்பந்தம் வேணுமோ எண்டு தகப்பன் கென்ஜியை யோசிக்கச் சொல்லிப்போட்டாராம்."

"என்ன பிழையெண்டு சொல்லம்மா! நான் இப்பவே போய் மன்னிப்புக் கேக்கிறன்."

"ஒரு பிழையும் இல்லையாம் அப்பா. எல்லாம் அச்சொட்டா அவர் வளர்ந்த தகப்பன்ரை வீடு மாதிரியே இருந்ததாம்."

"பிறகென்ன?"

"அவர் யப்பானை விட்டு ஓடி வந்ததே அந்த வீட்டுக்குப் பயந்துதானாம்!"